சைக்கிளை விட்டு இறங்கிய இடங்கள்

சாரத்தில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடம் எதுவும் எடுக்கவில்லை. பிள்ளைகளின் தாத்தா பாட்டிகளை வரச்சொல்லி ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: "உங்க வீட்டுக்கு முதல் சைக்கிள் எப்ப வந்தது?"

பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர்தான் அதிகம் பேசினார். போனஸ் பணத்தில் வாங்கிய பச்சை நிற ஹெர்குலிஸ் வண்டி. காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதுவதற்குள் சாரத்திலிருந்து முதலியார்பேட்டைக்கு மிதித்துப் போய்விடுவாராம். ராத்திரியில் விளக்கு இல்லாமல் போனாலோ, டபுள்ஸ் போனாலோ போலீஸ்காரர் நிறுத்துவார். மற்றபடி பாண்டியில் யாரும் ஒன்றும் கேட்டதில்லை. ஆனால் விடுமுறைக்கு மாமியார் வீட்டுக்குப் போகும்போது கதை வேறு. அது பழைய தென்னாற்காடு ஜில்லாவில் ஒரு கிராமம். ஊர்த் தெருவுக்கு முன்னால் ஒரு புளியமரம். அங்கே இறங்கி, மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே தெருவைக் கடப்பார். சேரி வந்ததும் மறுபடி ஏறிக்கொள்வார்.

பதினோராம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி கேட்டாள்: "இறங்கச் சொல்லி யாரு தாத்தா சொன்னாங்க?"

"சொல்லணுமாம்மா? எங்க இறங்கணும்னு காலுக்கே தெரியும்."

அன்றிலிருந்து இந்தக் கட்டுரை எங்கள் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்று நகரங்களில் சைக்கிளைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். காற்று மாசு, புவி வெப்பம், உடல்நலம், சைக்கிளுக்கென்று தனிப்பாதை. எல்லாம் தேவையான பேச்சுதான், எங்களுக்கு அதில் விரோதம் இல்லை. ஆனால் அந்தப் பேச்சில் புளியமரம் வருவதே இல்லை. சாலை என்பது எல்லாருக்கும் பொதுவாக இருந்தது போலவும், கார் வந்து அதைப் பிடுங்கிக்கொண்டது போலவும் கதை சொல்கிறார்கள். நமக்கு அந்தக் கதை பொருந்தாது. கார் வருவதற்கு முன்பும் சாலை நம்முடையதாக இருக்கவில்லை.

இது ஏதோ பெரியவர் ஒருவரின் தனி நினைவு என்று நினைத்துவிட வேண்டாம். இந்த நாட்டின் சட்டமே இதைப் பதிவு செய்திருக்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் திருத்தம் வந்தது. 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதில் 3(1) பிரிவின் கீழ், பொது இடத்தில் தலித்துகளும் பழங்குடிகளும் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது, செருப்பு அணிவதை, புத்தாடை உடுத்துவதை, திருமண ஊர்வலம் போவதைத் தடுப்பது குற்றம் என்று எழுதியிருக்கிறது. சைக்கிள் என்ற சொல் அப்படியே இருக்கிறது. சட்டம் படிக்கும் மாணவர்கள் அந்த வரியைத் தேடி ஒருமுறை வாசியுங்கள். இருபத்தோராம் நூற்றாண்டில், உலகமே சைக்கிளுக்குத் திரும்புவோம் என்று மாநாடு நடத்திக்கொண்டிருந்த காலத்தில், இந்திய நாடாளுமன்றம் ஒரு மனிதர் சைக்கிள் ஓட்டுவதைத் தடுத்தால் சிறை என்று சட்டம் போட வேண்டியிருந்தது.

போக்குவரத்தின் வரலாற்றை நம் பக்கத்திலிருந்து எழுதினால் அது எங்கே தொடங்கும்? 1893இல் திருவிதாங்கூரின் வெங்ஙானூரில் அய்யன்காளி வில்லுவண்டி ஒன்றை வாங்கி, இரண்டு காளைகளைப் பூட்டி, வெள்ளை வேட்டியும் தலைப்பாகையுமாகப் பொதுச்சாலையில் ஓட்டிப் போனாரே, அங்கிருந்து தொடங்கலாம். அல்லது 1901இல், தந்தையைப் பார்க்கக் கோரேகாவ்ன் புறப்பட்டு மசூர் ரயில் நிலையத்தில் இறங்கி நின்ற சிறுவன் பீமாராவிடமிருந்து தொடங்கலாம். மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரரும் ஏற்ற முன்வரவில்லை. கடைசியில் இரட்டிப்பு வாடகை கொடுத்து, பிள்ளைகளே மாட்டை ஓட்டுவது, வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வருவது என்று ஏற்பாடு ஆனது. வண்டிக்குத் தீட்டு இல்லை, வாடகைக்குத் தீட்டு இல்லை. ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் தீட்டு.

இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து அதே கதை திரும்பியது. 1929இல் அண்ணல் லண்டனில் பாரிஸ்டர் பட்டம் வாங்கியவர், பம்பாய் சட்டமன்றத்தின் உறுப்பினர். சாளிஸ்காவ்ன் ரயில் நிலையத்தில் அவரை வரவேற்ற மக்கள் குதிரை வண்டி பிடிக்கப் போனார்கள். வண்டியைத் தருகிறோம், ஆனால் நாங்கள் ஓட்ட மாட்டோம் என்றார்கள் வண்டிக்காரர்கள். ஓட்டிப் பழக்கமில்லாத நம் ஆள் ஒருவரே கடிவாளத்தைப் பிடித்தார். பாலத்தில் வண்டி இடித்து, அண்ணல் கல்தரையில் தூக்கி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. படித்த பாரிஸ்டரைவிடத் தான் மேலானவன் என்று ஒரு குதிரை வண்டிக்காரர் நினைக்க முடிகிற நாடு இது என்பதை அந்த விபத்திலிருந்து அவர் எழுதினார். அந்த வண்டிக்காரரும் ஏழைதான் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

தமிழ்நாட்டுப் பக்கம் வருவோம். 1924இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச்சாலையிலும் தெருவிலும் எந்தச் சாதியினரும் நடக்கலாம், பொதுக்கிணற்றையும் பொது அலுவலகத்தையும் பயன்படுத்தலாம் என்றது. நடப்பதற்கே தீர்மானம் போட வேண்டிய காலம் அது. அதே பத்தாண்டின் இறுதியில் ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். டீசலில் ஓடும் பேருந்துக்குள்ளும் பெட்ரோலில் ஓடும் பேருந்துக்குள்ளும் சாதி டிக்கெட் இல்லாமலே ஏறிக்கொள்ளும்.

அப்படி ஏறியது இறங்கிவிட்டதா? 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு புதிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டினார்கள். அதற்கு முன்பே கட்டபொம்மன், சேரன், சோழன், பாண்டியன், பல்லவன் என்று எத்தனையோ பெயரில் பேருந்துகள் ஓடிக்கொண்டிருந்தன. யாருக்கும் பயணம் செய்வதில் சிக்கல் வரவில்லை. தேவேந்திரர் ஒருவரின் பெயர் பேருந்தின் நெற்றியில் வந்ததும் அதில் ஏற மாட்டோம் என்று சாதி இந்துக்கள் கிளம்பினார்கள். கலவரம் வெடித்தது, உயிர்கள் போயின. கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்துவிட்டது. இன்று எந்தத் தலைவரின் பெயரும் இல்லாத அரசுப் பேருந்தில் போகும் மாணவர்களுக்கு, அந்தப் பெயரில்லாத நெற்றிக்கு ஒரு காரணம் இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஒரு தலித் பெயரைச் சுமப்பதைவிட ஒரு பெயரும் இல்லாமல் ஓடுவது எளிதாக இருந்தது.

இனி நம் ஊர். புதுச்சேரியை அழகான நகர அமைப்புக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். கட்டடக்கலை மாணவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து வரைந்துகொண்டு போகிறார்கள். கோடு போட்ட மாதிரி நேர்த் தெருக்கள், செங்கோணத்தில் வெட்டிக்கொள்ளும் சந்திப்புகள். இந்தக் கட்டத்துக்கு அடிப்படை போட்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்கூட இல்லை. 1693 முதல் 1699 வரை ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள். நடுவில் வடக்கு தெற்காக ஓடும் பெரிய வாய்க்கால். கிழக்கே கடலோரம் வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம். சுற்றுலா வழிகாட்டிகள் இதோடு நிறுத்திவிடுவார்கள். மேற்கே போனால் வெள்ளாழர் தெரு, செட்டித் தெரு, வைசியாள் தெரு. அளவுகோல் வைத்து வரைந்த நவீன நகரம், சாதி வைத்து நிரப்பப்பட்டது. பிறகு நகரைச் சுற்றி நீள்வட்டமாகப் புல்வார் சாலைகள் வந்தன. நம்மவர்கள் வாழ்ந்த சேரிகள் அந்தக் கட்டத்துக்குள் எந்தக் கட்டத்திலும் இல்லை, வெளியே இருந்தன.

வெளியே இருந்தவர்கள் சும்மா இருந்தார்கள் என்று நினைக்காதீர்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745 அக்டோபரில் ஒரு செய்தி வருகிறது. சம்பா கோயிலுக்குள் சாதிக் கிறித்தவர்களையும் பறையர் கிறித்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. சேரிகளிலிருந்து திரண்டு வந்த மக்கள் பெரிய சாமியாரிடம், நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே, எங்களுக்குள் ஏன் வித்தியாசம் என்று கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. பிள்ளை இதை வருத்தத்தோடுதான் எழுதி வைக்கிறார். நமக்கு அவருடைய வருத்தம் பயன்படுகிறது. இந்த நகரத்தின் வடிவமைப்பைப் பற்றி நாம் கொடுத்த முதல் ஆட்சேபணை மனு அதுதான் என்று எங்கள் வகுப்பில் சொல்வோம்.

பிரெஞ்சுக்காலத்து அஞ்சலட்டைகளில் 'புஸ்-புஸ்' என்ற வண்டியைப் பார்க்கலாம். பிரெஞ்சில் தள்ளு, தள்ளு என்று பொருள். துரையோ துரைசானியோ உட்கார்ந்து முன்னால் உள்ள கைப்பிடியைத் திருப்பி வழி நடத்துவார்கள். பின்னால் வெறுங்காலோடு ஆட்கள் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். ஒருவர் கையில் திசை, மற்றவர் கையில் பாரம். போக்குவரத்துக் கொள்கை என்றால் என்ன என்று எங்களிடம் கேட்கும் மாணவர்களுக்கு அந்தப் படத்தைத்தான் காட்டுகிறோம். அட்டையின் கீழே வண்டியின் பெயர் அச்சாகியிருக்கும். தள்ளியவர்களின் பெயர் இருக்காது.

வெறுங்கால் என்றதும் இன்னொரு கதை நினைவுக்கு வருகிறது. 1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியர்களைப் போலக் காலில் ஷூ போட்டுக்கொண்டு புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் வந்தார் என்பதற்காகத் தடுக்கப்பட்டார். பாரீஸ் வரை வழக்கை எடுத்துப் போய் வென்றார். ஊரில் அவரைப் பெருமையாகச் சொல்வார்கள், சொல்ல வேண்டியதுதான். ஆனால் வேளாளரான அவருக்குத் தடை நீதிமன்ற வாசலில் இருந்தது. நமக்கு அது ஒவ்வொரு தெருமுனையிலும் இருந்தது; பாரீஸுக்கு எழுதிப் போட ஆள் இல்லை. செருப்பும் சைக்கிளும் 2015ஆம் ஆண்டின் சட்டத்தில் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்பது தற்செயல் இல்லை. இரண்டும் மண்ணிலிருந்து காலைத் தூக்கிவிடுகிற பொருட்கள்.

சைக்கிள் நமக்கு வந்தது ஆலை வழியாக. சவானா, ரோடியர், கெப்ளே என்று பஞ்சாலைகள். பின்னாளில் அவை சுதேசி, ஏ.எஃப்.டி., பாரதி. 1936 ஜூலை 30இல் சவானா ஆலையில் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டு 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் எட்டு மணி நேர வேலை கிடைத்தது. வ.சுப்பையாவின் பெயரில் இன்று தெற்குப் புல்வார் இருக்கிறது. எட்டு மணி நேரம் என்பதன் முழுப் பொருளையும் அந்தப் பெரியவர்தான் எங்களுக்கு விளக்கினார்: "எட்டு மணி நேரம் வேலைன்னா, வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வரலாம். அதுக்கு சைக்கிள் வேணும்." வாசலில் வரிசையாக நின்ற அந்தச் சைக்கிள்களில் ஊரும் சேரியும் கலந்து கிடந்தன. கூலியும் சங்கமும் சைக்கிளும் சேர்ந்து, இறங்க வேண்டாத ஒரு சாலையை இந்த ஊரில் கொஞ்ச காலத்துக்காவது உண்டாக்கின. ஏ.எஃப்.டி. ஆலை 2020 ஏப்ரலோடு மூடப்பட்டது. மற்றவையும் போய்விட்டன. வாசலும் இல்லை, வரிசையும் இல்லை.

பெண்களுக்கு அது எப்போது வந்தது என்று எங்கள் வகுப்புப் பெண்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி, ஆலைச் சைக்கிள் ஆண்களின் சைக்கிள். அதற்குப் புதுக்கோட்டைக்குப் போக வேண்டும். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டப் பழகினார்கள். கல்லுடைக்கும் பெண்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள். பெண்கள் வண்டி கிடைக்காமல் ஆண்கள் வண்டியையே ஓட்டினார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பி.சாய்நாத் தன் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். பிறகு 2001-02இல் தமிழ்நாடு அரசு மேல்நிலை வகுப்பு மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கத் தொடங்கியபோது, முதலில் பெற்றவர்கள் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகள். பின்னர்தான் அது எல்லாருக்குமாக விரிந்தது. "ஓசி சைக்கிள்" என்று கிண்டல் செய்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: இன்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஓட்டும் அந்தச் சைக்கிள் சேரிப் பெண்பிள்ளைகளுக்குப் போடப்பட்ட திட்டத்தின் பின்சீட்டில் ஏறி வந்தது.

சரி, சைக்கிள் வந்துவிட்டது. சாலை? பெரியவரிடம் கேள்வி கேட்ட அதே பெண்ணுக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிள் ஒன்று இருக்கிறது. அது வீட்டுச் சுவரோரம் துருப்பிடித்து நிற்கிறது. காமராஜர் சாலையில் ஓட்ட அவளுடைய அம்மா விடுவதில்லை. பேருந்து, வேன், சுற்றுலாக் கார், இரண்டு பக்கமும் பார்க்கிங். சாலையின் ஓரம் என்று ஒன்று கிடையாது. ஓரம் என்பது சாக்கடை மூடி. அவளுடைய அம்மா வீட்டுவேலைக்கு டெம்போவில் போகிறார், கூலியில் ஒரு பங்கு அதற்கே போகிறது. தாத்தாவை ஊர் இறக்கியது. பேத்தியை யாரும் இறங்கச் சொல்லவில்லை, ஏறவே முடியாதபடி சாலையைப் போட்டிருக்கிறார்கள்.

அதே நேரம் இந்த ஊரில் சைக்கிளுக்கு மரியாதை கூடிக்கொண்டுதான் இருக்கிறது. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே போய்ப் பாருங்கள். நாள் வாடகைக்குச் சைக்கிள் எடுத்த சுற்றுலாப் பயணிகள் மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. நடக்கலாம், உட்காரலாம், பிள்ளைகளை ஓடவிடலாம். அருமையான ஏற்பாடு, நாங்களும் போகிறோம். ஆக, ஒரு சாலையை வண்டிகளிடமிருந்து மீட்டு மனிதர்களிடம் கொடுக்க இந்த அரசுக்குத் தெரியும். தெரியாது என்று இனி சொல்ல முடியாது. வாய்க்காலைத் தாண்டி, புல்வாரைத் தாண்டி, அந்த அறிவு ஏன் வருவதில்லை என்பதுதான் கேள்வி. எங்கள் பக்கம் வருவது வேறு. 2025 அக்டோபரில் இந்திரா காந்தி சதுக்கத்திலிருந்து ராஜீவ் காந்தி சதுக்கம் வரை ஏறக்குறைய 4 கிலோமீட்டர் உயர்மட்டப் பாலத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பீடு 436 கோடி ரூபாய். நெரிசல் உண்மைதான், அந்தச் சிக்னல்களில் நின்றவர்களுக்குத் தெரியும். பாலத்தின் மேலே யார் போவார்கள் என்று வரைபடத்தில் இருக்கும். கீழே மிதித்துப் போகிறவருக்கு எத்தனை அடி என்று கேட்கும் ஆள் நாமாக இருக்க வேண்டும்.

சென்னையிலும் இதே கோணல்தான். 2014இல் சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்து நிதியில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்றது. நாட்டிலேயே முன்னோடி என்று பாராட்டினார்கள். 2019இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் திறந்தார்கள். அந்தக் கடைவீதியின் முழுப்பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. மேலே சொன்ன, பேருந்து உத்தரவு போட்ட அதே சௌந்தரபாண்டியன்தான். அவர் பெயரில் உள்ள தெருவில் இன்று நடக்க இடம் இருப்பது மகிழ்ச்சி. ஆனால் அதே இருபது ஆண்டுகளில், ஆற்றங்கரைகளிலும் நகரின் நடுவிலும் வேலைக்கு நடந்தும் மிதித்தும் போய்க்கொண்டிருந்த மக்களை, பெரும்பகுதி தலித் மக்களை, கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் கொட்டினார்கள். வேலை இருந்த இடத்திலிருந்து இருபது, முப்பது கிலோமீட்டர். ஒரு கையால் நடைபாதை போட்டு, மறு கையால் நடக்கிறவர்களை அப்புறப்படுத்திய நகரம் அது. 2006இன் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வண்டிகளை நகர்த்துவதைவிட மனிதர்களை நகர்த்துவது முக்கியம் என்றது. இவர்கள் அதை இப்படியா புரிந்துகொண்டார்கள்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 100 வீடுகளில் ஏறக்குறைய 45இல் சைக்கிள் இருந்தது. கார் இருந்த வீடுகள் 5கூட இல்லை. இருந்தும் சாலையை அளக்க வருகிறவர்கள் கார்களையும் லாரிகளையும் கவனமாக எண்ணுகிறார்கள், சைக்கிளைப் போகிற போக்கில் எண்ணுகிறார்கள். எண்ணப்படாதவர்களுக்கு இடம் ஒதுக்க எந்தப் பொறியாளராலும் முடியாது. இட ஒதுக்கீட்டுக்காக எண்ணிக்கை கேட்டுப் பழகிய இயக்கம் நம்முடையது. சாலையில் மட்டும் ஏன் கேட்காமல் விட்டோம்?

அதனால் நாங்களே எண்ணுவது என்று முடிவு செய்தோம். ஒரு திங்கட்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு மாணவர்கள் காமராஜர் சாலையில் இரண்டு பேர் இரண்டு பேராக நின்றார்கள். கையில் கட்டம் போட்ட தாள்: சைக்கிள் ஓட்டுகிறவர், நடப்பவர், ஆண், பெண், பின்னால் பாரம் உண்டா இல்லையா. அந்த நேரத்தில் போகிறவர்கள் யார் என்று கொஞ்சம் விழித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். துப்புரவுப் பணியாளர்கள், பூ எடுத்துப் போகிற பெண்கள், கட்டட வேலைக்குத் தூக்குச்சட்டியோடு போகிறவர்கள், ராத்திரி காவல் முடிந்து திரும்புகிறவர்கள். ஏழரை மணிக்கு மேல் அவர்கள் கண்ணில் படுவதில்லை. போக்குவரத்து ஆய்வுகள் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் விழிக்கின்றன.

ஆறரை மணி இருக்கும். துருப்பிடித்த சைக்கிளுக்குச் சொந்தக்காரியான அந்தப் பெண் தாளைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் ஓடிவந்தாள். வயதான ஒருவர் எதிரே வரும் வண்டிகளுக்குப் பயந்து, இறங்கி, சாக்கடை மூடிமேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார். "இவர எதுல எழுதுறது? ஓட்டுறவரா, நடக்குறவரா?"

தாளில் அதற்கு இடம் இல்லை. அங்கேயே பேனாவால் ஒரு கோடு இழுத்து மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டோம். 'இறங்கித் தள்ளுகிறவர்' என்று அதன் தலையில் எழுதி, முதல் கோட்டை அவளையே போடச் சொன்னோம்.